நிலக்கரிப் புகையும் குற்றாலச் சாரலும்

ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இரைகிறது. குற்றாலத்தில் சாரல் தூவுகிறது. சிற்றாற்றில் தண்ணீர் வருகிறது. இதை நம்பித்தான் தென்காசி வட்டார விவசாயிகள் கார் நெல் நடுகிறார்கள். இந்த மழைக்கும் நிலக்கரிப் புகைக்கும் தொடர்பு உண்டா? உண்டு.

தூத்துக்குடி அனல் மின் நிலையம் 1979-ல் உற்பத்தியைத் தொடங்கியது. இத்தகைய நிலையங்களில் நிலக்கரி எரியும்போது சாம்பல் கிளம்புகிறது. இதில் பெரும்பகுதியை மின்விசையால் ஈர்க்கும் கருவி பிடித்துவிடும். தப்பும் பெருந்துகள்கள் அருகிலேயே இறங்கி இலைகளில் படியும். நிலக்கரியில் உள்ள கந்தகமோ வாயுவாகி வெளியேறி, காற்றில் சல்பேட் நுண்துகளாக மாறுகிறது. மழை கழுவி இறக்கும் வரை, ஏறக்குறைய ஒரு வாரம், இது வெகுதூரம் செல்லும்.

1999-ல் இந்தியப் பெருங்கடலில் பல நாட்டு விஞ்ஞானிகள் ஆய்வு நடத்தினர். தலைமை தாங்கியவர்களில் ஒருவர் தமிழகத்தில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். ஜனவரி முதல் மார்ச் வரை நிலக்காற்று சுமந்து வரும் புகைப்படலம் கடலை மூடியிருப்பதை அவர்கள் கண்டனர்.

இந்தப் படலம் வெயிலைத் தடுக்கிறது. கடலில் வெயில் குறைந்தால் நீர் ஆவியாவதும் குறையும். பருவக்காற்று வலுவிழக்க இடமுண்டு. மேலும், துகள்கள் மிகுந்தால் மேகத் துளிகள் சிறுத்துப் போகும். அவை மழையாகத் திரளத் தாமதமாகும்.

"வெயிலைத் தடுத்தால் குளிர்ச்சிதானே, நல்லதல்லவா?" என்று கேட்கலாம். துகள் சில நாளில் இறங்கிவிடும். அதே நிலக்கரி வெளியிடும் கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கிப் பூமியைச் சூடாக்கும். எனவே இந்தக் குளிர்ச்சி நிலையானதல்ல. ஓர் ஆண்டு சாரல் பொய்த்ததற்குப் புகை ஒன்றையே காரணமாகச் சொல்வதும் சரியல்ல. கடலின் வெப்பநிலை போன்ற வேறு காரணங்களும் உண்டு.

கந்தக வாயுவுக்கு மத்திய அரசு 2015-ல் வரம்பு விதித்தது. 2025-ல் பெரும்பாலான மின் நிலையங்களுக்கு அதைத் தளர்த்தியது. அது அரசின் கையில். நம் கையில் இருப்பதும் ஒன்று உண்டு. வயலில் எரிக்கும் கரும்புச் சோகையும் தாளும் கரித்துகளாகி இதே படலத்தில் சேர்கின்றன. சோகையை எரிக்காமல் பார்களுக்கிடையே மூடாக்காகப் பரப்புங்கள். ஈரம் காக்கும், களை குறையும், மண்ணும் வளம் பெறும்.