தோட்டம் கைமாறினால் லயத்து வீடு யாருக்கு?

ஈப்போவிலிருந்து லகாட் சாலையில் மெங்ளெம்பு தாண்டிப் போகிறவர்களுக்குத் தெரியும். ஈயக் குட்டைகளும் ரப்பர் மரங்களும் இருந்த வட்டாரம் இது. இன்று வீடமைப்புத் திட்டங்கள் பெருகி வருகின்றன. சாலையும் கடையும் வருவது நல்லதே. அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் அதே இடத்தில் தொடர்ந்து இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

லயத்து வீடு வேலையோடு வரும் வீடு. 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் தொழிலாளர் வீடு, குடிநீர், கழிப்பறை ஆகியவற்றின் குறைந்தபட்சத் தரத்தை முதலாளிக்கு விதிக்கிறது. வீட்டை அது தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை. மூன்று தலைமுறை அங்கே பிறந்திருந்தாலும் நிலப்பட்டாவில் இருப்பது நிறுவனத்தின் பெயர்.

அரசாங்கமே நிலத்தை எடுத்தால்? 1960ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், இழப்பீடு கோரும் உரிமையுள்ளவர்களின் விளக்கத்திலேயே, உடைமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டும் குடியிருப்பவரை விலக்கி வைத்துள்ளது. லயத்துக் குடும்பங்களை இடிப்பது இந்த ஒரு வரிதான். ஆகவே பல இடங்களில் கைக்கு வருவது நல்லெண்ணத் தொகை மட்டுமே. அதில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டுவதே சிரமம்.

இந்தப் பயம் புதிதல்ல. 1950களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழந்தார்கள். பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தது இதனால்தான். தொழிலாளர்கள் மாதாமாதம் கட்டிய பங்குப் பணத்தில் அது தோட்டங்களை வாங்கியது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவது. நிலம் சொந்தக் கூட்டுறவின் கையில் இருந்தால் யார் யாரைக் காலி செய்யச் சொல்வது?

துண்டாடலைக் கட்டுப்படுத்தத் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவும் சேர்க்கப்பட்டது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். குடியிருப்பாளர்கள் குரல் கொடுக்கப் பொருத்தமான நேரம் அந்த விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதுதான், மண்வாரி இயந்திரம் வந்த பிறகல்ல.

பினாங்கு கம்போங் புவா பாலாவில் நடந்தது நினைவிருக்கும். நிலம் அரசு ஊழியர் கூட்டுறவுச் சங்கத்துக்கும், பின்னர் மேம்பாட்டாளருக்கும் போய்விட்டது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்று தோற்றது. 2009 செப்டம்பரில் வீடுகள் இடிக்கப்பட்டன. முன்வைக்கப்பட்ட இரட்டை மாடி வீட்டை ஒரு பகுதியினர் ஏற்றனர். மாடு வளர்த்தவர்களுக்கு அந்த வீட்டில் கொட்டகைக்கு இடமேது?

தொழிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு லகாட்டுக்கு அருகிலேயே உதாரணம் உண்டு. புந்தோங் கச்சாங் பூத்தே கம்பத்தில் வீடுதான் பட்டறை. முறுக்கும் கடலையும் அங்கேயே பொரிபடுகின்றன. அப்படிப்பட்ட குடும்பத்தை ஐந்தாவது மாடி அடுக்ககத்துக்கு மாற்றினால், வீடு கிடைக்கும், பிழைப்பு போகும்.

1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டச் சட்டப்படி உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அப்போது எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஈப்போ வட்டாரத்தில் மாநகர் மன்ற அலுவலகத்தில் விசாரிக்கலாம். மாற்று வீடு தருவதாக மேம்பாட்டாளரோ நிர்வாகமோ சொன்னால், எந்த நிலம், எத்தனை சதுர அடி, யார் பெயரில், எந்தத் தேதிக்குள் என்பதைக் கையொப்பத்தோடு வாங்குவது அவசியம். குடியிருப்பைக் காட்ட பழைய சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதிக் கணக்கு, மின்கட்டண ரசீது, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் உதவும். பத்திரப்படுத்திய நகல் ஒன்று வீட்டுக்கு வெளியே, உறவினரிடம் இருப்பது நல்லது.