நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

வணிகத்தில் நொடித்துப்போன ஒருவர், தம் தெருப் பள்ளிவாசலை விட்டு, ஊரின் மறுகோடியிலுள்ள எங்கள் பள்ளிக்கு ஸுபுஹுத் தொழுகைக்கு வந்துகொண்டிருந்தார். இரண்டு மாத காலம் நான் காரணம் கேட்கவில்லை. ஒரு நாள் துஆ முடிந்ததும் அவராகவே அருகில் வந்து அமர்ந்தார். கடையை மூடியதும், வீட்டை விற்றதும் அவர் தெரு முழுவதும் அறிந்த செய்தி. அங்கே ஸஃப்பில் நின்று தக்பீர் கட்டியதும், இருபுறமும் நிற்பவர்கள் தம்மைப் பற்றியே எண்ணுவதாகத் தோன்றுகிறதாம். ஓதியது இன்னதென்று அறியாமலே ருகூவுக்குப் போய்விடுகிறாராம். "அல்லாஹ்வுக்கு அஞ்ச வேண்டிய இடத்தில் மனிதருக்கு அஞ்சுகிறேனே! என் ஈமானில் கோளாறா, ஹழ்ரத்?" என்று கேட்டபோது அவர் குரல் தழுதழுத்தது.

'மனிதரை எண்ணாதே, அல்லாஹ்வை எண்ணு' என்று ஒரு வரியில் மறுமொழி கூறிவிடலாம். ஆனால், எண்ணாதே என்றதும் எண்ணாமல் இருந்துவிடும் இயல்பு உள்ளத்திற்கு இல்லையே! ஆதலின், இந்நோயைத் தம்மிடமே கண்டு, ஒளிக்காமல் எழுதிவைத்த பெரியார் ஒருவரின் வரலாற்றை அவருக்குச் சொன்னேன்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 484-ல் (கி.பி. 1091) பக்தாது நகரின் நிஜாமிய்யா மதரஸாவில் தலைமை ஆசிரியராக அமர்ந்தார்கள். வயது முப்பத்து நான்கு. 300 மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். அமைச்சர்களும் அறிஞர்களும் அவர்களைப் போற்றினர். அந்நிலையில் ஒருநாள் தம் நிய்யத்தைத் தாமே சோதித்தார்கள். கல்வி போதிப்பது முற்றிலும் அல்லாஹ்வுக்காக அன்று. அந்தஸ்தும் புகழுமே தம்மை அதில் ஈடுபடுத்துகின்றன என்று கண்டார்கள். அனைத்தையும் விட்டுச் செல்லக் காலையில் உறுதி பூணுவார்கள். மாலைக்குள் அவ்வுறுதி தளர்ந்துவிடும். ஹிஜ்ரி 488 ரஜப் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் இப்போராட்டம் நீடித்தது. முடிவில் நாவே கட்டுண்டது. வந்திருக்கும் மாணவர்களின் மனம் மகிழ ஒரு நாளேனும் பாடம் நடத்த முயன்றும் ஒரு சொல் எழவில்லை. உணவும் இறங்கவில்லை. நோய் உள்ளத்தில் பிறந்தது. அக்கவலை தீர்ந்தாலன்றி மருந்தில்லை என மருத்துவர்கள் கைவிரித்தனர்.

இறுதியில் குடும்பத்தின் தேவைக்கானதை வைத்துவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பகிர்ந்தளித்துப் புறப்பட்டார்கள். அப்போதும் மக்காவுக்குச் செல்வதாகவே வெளியில் சொன்னார்கள். ஷாம் நாட்டில் தங்கும் எண்ணத்தைக் கலீஃபாவும் நண்பர்களும் அறிந்துவிடலாகாதே என்னும் அச்சம்! எத்துணைப் பெரிய மனிதர், எத்துணை மனிதத் தன்மை!

பிறகு ஊர் பேசியது. ஆட்சியாளரின் நெருக்குதலால் போய்விட்டார் என்றனர் தொலைவில் இருந்தோர். ஆட்சியாளரே அவரைப் போகவேண்டாமென்று வருந்தி அழைத்ததை நேரில் கண்டவர்களோ, இது கண்ணேறு என்றனர். தீனுக்காகவே இப்பதவியைத் துறந்திருப்பார் என்று இராக்கின் அறிஞர்களில் ஒருவரும் எண்ணவில்லை. யாருடைய மதிப்பீட்டுக்காக ஆறு மாதம் போராடிக் கிடந்தார்களோ, அவர்களில் ஒருவருக்கும் உண்மை தெரியாது.

பதினோர் ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 499-ல், நைஸாபூரில் மீண்டும் பாடம் நடத்த வந்தார்கள். அந்தஸ்தைத் தேடித்தரும் கல்வியை அன்று போதித்தேன். அந்தஸ்தை விடச்செய்யும் கல்வியை இன்று போதிக்க விழைகிறேன். நோக்கத்தை எட்டுவேனா, இடையில் வீழ்வேனா என்பதை நான் அறியேன் என்னும் கருத்துப்பட எழுதினார்கள். அத்தனை ஆண்டுத் தவத்திற்குப் பின்னும் 'வென்றுவிட்டேன்' என்று அவர்கள் சொல்லவில்லை. (அவர்களைப் பற்றி மிம்பரில் பேசிக்கொண்டிருக்கும்போதே, பேச்சு எடுபடுகிறதா என்று சபையின் முகத்தைப் பார்த்தவன் இதை எழுதுபவன்.)

"உங்கள் கேள்விக்கு அவர்களே இஹ்யாவில் விடை வைத்திருக்கிறார்கள், தம்பி" என்றேன். அடிபட்டால் உடம்பு நோவதுபோல், பழிச்சொல்லால் உள்ளம் நோவது இயற்கை. அந்த நோவு பாவமன்று. தன் குறை மறைந்திருக்க விரும்புவதும் முகத்துதியாகாது என்பது அவர்களின் முடிவு. அந்த நோவுக்கு அஞ்சிக் கடமையைக் கைவிடும்போதுதான் தவறு தொடங்குகிறது. இதைக் கேட்டதும் அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

பிறர் எண்ணத்தைப் பொருட்படுத்தவே கூடாதென்றும் மார்க்கம் சொல்லவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் ரமளானில் இஃதிகாஃப் இருந்தபோது, இரவில் காணவந்த தம் துணைவியார் ஸஃபிய்யா (ரலி) அவர்களை வழியனுப்ப எழுந்தார்கள். அவ்வழியே அன்ஸாரித் தோழர் இருவர் விரைந்து கடந்தனர். அவர்களை நிறுத்தி, இவர் என் மனைவி ஸஃபிய்யா என்று அறிவித்தார்கள். தோழர்கள் திடுக்கிட்டபோது, ஷைத்தான் உங்கள் உள்ளத்தில் ஏதேனும் போட்டுவிடக்கூடும் என அஞ்சினேன் என்றார்கள். தம் பெயருக்காக அன்று, அவ்விருவரின் ஈமானுக்காகவே நாயகம் (ஸல்) கவலைப்பட்டார்கள்.

ஆகவே அவரிடம் கேட்டேன்: "தம்பி, உங்கள் தெருப் பள்ளியில் தொழுபவர்களில் எவருக்கேனும் நீங்கள் கொடுக்கவேண்டியது உண்டா?"

நெடுநேரம் தலை குனிந்திருந்தார். "இருவருக்கு உண்டு" என்றார்.

"அவ்விருவரும் என்ன நினைக்கிறார்கள் என்பது நீங்கள் கவலைப்படவேண்டிய செய்திதான், அது அவர்களுடைய ஹக்கு. ஒளியாமல் சென்று, உள்ள நிலைமையைச் சொல்லித் தவணை கேளுங்கள். நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் தருமாறு திருமறை அவர்களைப் பணிக்கிறது. மற்றவர்களோ, தம் மகளின் திருமணத்தையும் வீட்டு வாடகையையும் எண்ணியபடி உங்கள் பக்கத்தில் நிற்கிறார்கள்."

"அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன், ஹழ்ரத்?"

"முதல் நாள் கடினமாகத்தான் இருக்கும்" என்றேன். அதை மறுத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு ஓரிரு வாரங்கள் வந்தார். அவர்களில் ஒருவரைப் பார்த்துவிட்டதாக ஒருநாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்; மற்றவரைப் பற்றி நானும் கேட்கவில்லை. இப்போது ஒரு மாதமாக அவரை எங்கள் பள்ளியில் காணவில்லை. தம் தெருவில்தான் தொழுகிறார் என்று எண்ணிக்கொண்டு, அவருக்காகத் துஆச் செய்கிறேன்.