இரும்பு கடையும் டூலை நைலானில் வைத்தால்

பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி உடைக்கும் இயந்திரத்திலோ போர்வெல் பம்பிலோ ஒரு புஷ் தேய்ந்துபோனால், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். வெண்கலம் இருந்த இடத்துக்கு இப்போது நைலான் ராடும் வந்துவிட்டது. இரும்பைவிட இளக்கமான சரக்குதானே, எந்த டூலும் வெட்டிவிடும் என்று தோன்றும். வெட்டும், அளவுதான் நிற்காது.

காரணம் சூடு. இரும்பைக் கடையும்போது பிறக்கும் சூட்டில் பெரும்பகுதி சீவலோடு போய்விடும், மிச்சத்தை உலோகமே பரப்பிவிடும். நைலான் வெப்பத்தைக் கடத்துவது எஃகில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்குதான். முனை உரசிய இடத்திலேயே சூடு தங்கும். விரிவதோ எஃகைப்போல ஏழெட்டு மடங்கு. 50 மி.மீ. விட்டமுள்ள புஷ் முழுக்க 20 டிகிரி சூடேறினால் சுமார் 0.08 மி.மீ. பெருத்துவிடும். லேத்தில் இருக்கும்போதே அளந்து, சரி என்று கழற்றி வைத்தால், டீ குடித்துவிட்டு வருவதற்குள் சுருங்கியிருக்கும்.

ஆகவே டூல் எவ்வளவு கடினம் என்பதல்ல, எவ்வளவு கூர் என்பதே இங்கே கேள்வி. எஃகுக்கென்று வரும் கார்பைடு இன்சர்ட்டின் விளிம்பு, உடையாமல் தாங்குவதற்காக லேசாக மழுக்கியே செய்யப்படுகிறது. அதன்மேல் பூச்சும் உண்டு. அந்த விளிம்பு நைலானை வெட்டுவதைவிட நெருக்கித் தள்ளும். தள்ளினால் உரசல், உரசினால் சூடு. கிரைண்டரில் பிடித்து எண்ணெய்க்கல்லில் தீட்டிய பழைய எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட், விலை கூடிய இன்சர்ட்டை இந்த இடத்தில் ஜெயித்துவிடும். இன்சர்ட்தான் வேண்டும் என்பவர்கள், அலுமினியத்துக்கென்று வரும் பூச்சில்லாத, மெருகேற்றிய ரகத்தைக் கேட்டு வாங்கலாம்.

நைலானுக்கு டூலின் மேல்முகம் நன்றாகச் சரிந்திருக்கலாம். அக்ரிலிக்குக்கு அது ஆகாது. அதே சரிவு முனையைப் பொருளுக்குள் இழுத்து ஓரத்தைச் சிதறடிக்கும். பித்தளைக்கு வைப்பதுபோல் தட்டையாக விடுவதே நல்லது. கண்ணாடி இழை கலந்த நைலான் வந்தால் எச்.எஸ்.எஸ். சீக்கிரம் மழுங்கும், கார்பைடுதான் வழி.

பி.வி.சி. உள்ளூர்ச் சரக்கு. கடலூரில் 2009இல் உற்பத்தியைத் தொடங்கிய கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலையில் அது தயாராகிறது. மழுங்கிய டூலால் அதைக் கருக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பும்: மூக்கும் எரியும், சக்கும் துருப்பிடிக்கும்.

நைலான் சீவல் உடையாமல் நீண்டு சக்கில் சுற்றிக்கொள்ளும். லேத்தை நிறுத்தாமல் அதில் கை வைக்கவே கூடாது.

பம்புக்கான புஷ் என்றால் இன்னொரு சிக்கல்: நைலான் தண்ணீரை உறிஞ்சிப் பெருக்கும், தண்டை இறுக்கிவிடும். அதற்கு அசிட்டால் மேல். கடையில் டெல்ரின் என்று கேட்டால் கிடைக்கும். நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும், அதே கூரான பிட்டே போதும், சீவலும் நைலானைவிடச் சுலபமாக உதிரும்.