கோப்பி இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து வீடுகளில் வேலியோரம் ஓரிரு கோப்பி மரங்கள் நிற்பதுண்டு. தடிமன், இருமல் என்றால் இஞ்சி தட்டிப்போட்ட மல்லிக் கோப்பிதான் நமது முதல் கைமருந்து.

அம்மரத்தின் இலைகள் மஞ்சளித்து உதிர்ந்தால், "யாரோ கண் வைத்துவிட்டார்கள்" என்று சும்மா இருந்துவிடுகிறோம். கண்ணூறு உண்மை என்பது ஹதீஸில் வந்திருக்கிறது. நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் அல்லாஹ் எந்த நோயையும் நிவாரணமின்றி இறக்கவில்லை என்று கற்றுத் தந்தவர்களும் நபி (ஸல்) அவர்களே. நிவாரணத்தைத் தேடுமுன் நோய் எதுவென்று அறிய வேண்டாமா?

இலையைத் திருப்பிப் பாருங்கள். மேற்புறத்தில் வெளிறிய மஞ்சள் புள்ளியும், அதற்கு நேரே அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூளும் இருக்கிறதா? தடவினால் விரலில் ஒட்டுகிறதா? அதுதான் துரு நோய். அது ஒரு பூஞ்சணம். தூளே இல்லாமல் மஞ்சளித்தால் பசளைக் குறைவு போன்ற வேறு காரணமாக இருக்கலாம்.

இந்த நோய் 1869இல் ஊவாவின் மடுல்சீமையில் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் துவெய்ட்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பார்க்லி, அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். ஆனாலும் தோட்டத் துரைமார் பலர் மண்ணையும் மழையையுமே குறை கூறினர். 1880இல் வந்த மார்ஷல் வார்ட், தூளைக் காற்று சுமந்து செல்கிறது, ஈர இலையில் அது முளைத்து உள்ளே நுழைகிறது என்று நிரூபித்தார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பி அழிந்தது, அதை நம்பிய தொழிலாளர் வயிறும் காய்ந்தது. அந்த இடத்தில்தான் தேயிலை வந்தது.

1946இல் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியபோதோ, காரணம் பூஞ்சணம் என்பது தெரிந்திருந்தது. செம்பு மருந்து தெளித்தார்கள், தேயிலை பிழைத்தது. அறிந்ததற்கும் அறியாததற்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

எனவே, நோய்கண்ட இலைகளைப் பொறுக்கிப் புதையுங்கள். காற்றும் வெளிச்சமும் புகும்படி கிளைகளைக் கழித்துவிடுங்கள். ஓர் இலையைக் கடதாசியில் சுற்றி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அவரைக் கேளாமல் மருந்து அடிக்காதீர்கள். அந்தப் பழம் உங்கள் பிள்ளைகளின் கோப்பையில் சேர்வதல்லவா?

நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ உண்பது நட்டவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழியின் கருத்து. நட்டதைக் காப்பதற்கும் நன்மை உண்டு, இன்ஷா அல்லாஹ்.