யுனிக்ஸ் ஷெல்லில் சொன்முடிப்பு

கருவியை ஏவுவோன் சுருங்கச் சொல்லலை விரும்புவன். கருவியோ ஐயமறச் சொல்லலை வேண்டும். சுருக்கத்தை நாடின் ஐயம் பிறக்கும். ஐயத்தை நீக்க முயலின் சொல் நீளும். எழுத்தாற் கட்டளையிட்டுக் கணினியை இயக்கும் முறையில் இம்முரண்பாட்டைத் தீர்க்க எழுந்த உபாயமே சொன்முடிப்பு ஆகும். இதனை உழைப்பைக் குறைக்கும் ஒரு வசதியெனவே பலர் கருதுவர். உண்மையில் இது பிழையைத் தடுக்கும் காவலுமாகும். அக்காவல் நிலைப்பதும் குலைவதும் பயனர் அதனை அமைத்துக்கொள்ளும் முறையைப் பொறுத்தன.

யுனிக்ஸ் இயக்க முறைமை 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோராற் தொடங்கப்பெற்றது. பயனரின் கட்டளையை வாங்கி முறைமையின் கருவுக்கு உணர்த்தும் செயலி அதிலே 'ஷெல்' எனப்படும். கருவைச் சூழ்ந்த ஓடு போன்றமையின் இப்பெயர் பெற்றது. தொடக்ககால ஷெல்கள், வரி முழுதும் எழுதி முடிந்த பின்னரே அதனை வாங்கின. எழுதும்போது உதவுதல் அவற்றில் இல்லை. பீ.டி.பீ.-10 கணினிக்கென அமைந்த ரெனெக்ஸ் என்னும் வேறொரு முறைமையிலே, தொடங்கிய சொல்லை முடித்துத் தரும் வழக்கம் இருந்தது. கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கென் கிரீர் அவ்வழக்கத்தை யுனிக்ஸின் சி ஷெல்லுக்குக் கொணர்ந்தார். 'ரி.சி. ஷெல்' என்பதன் முதலெழுத்து ரெனெக்ஸை நினைவூட்டுவதாகும். பின்னர் 1989இல் பிறையன் பொக்ஸ் வெளியிட்ட 'பாஷ்' ஷெல்லிலும், 1990இற் போல் போல்ஸ்ராட் இயற்றிய 'ஸீ ஷெல்'லிலும் இவ்வசதி வளர்ச்சியுற்றது.

இனி, இது தொழிற்படும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒரு கோப்புறையில் 'அறிக்கை-தை', 'அறிக்கை-மாசி', 'கணக்கு', 'பழைய கணக்கு' என நான்கு கோப்புகள் உள்ளன என்க. பயனர் பாஷ் ஷெல்லிற் 'க' என்று எழுதி, விசைப்பலகையின் இடப்புறத்தேயுள்ள 'ரப்' விசையை அழுத்துகின்றார். அவ்வெழுத்திற் தொடங்குவது ஒன்றேயாதலின் 'கணக்கு' என்பது முழுமையாக வந்து, அதன்பின் ஓர் இடைவெளியும் விழும். அவ்விடைவெளியே ஐயமின்மைக்கு அடையாளம். இனி 'அ' என்று எழுதி அழுத்தின், 'அறிக்கை-' என்னும் அளவில் ஷெல் நின்றுவிடும். இரு பெயர்க்கும் பொதுவான பகுதி அதுவே. அதற்குமேற் செல்லுதல் ஊகமாகும், ஷெல் ஊகிப்பதில்லை. பின்னர் இருமுறை அழுத்தின் இரு பெயரையும் வரிசைப்படுத்திக் காட்டும். 'ம' என்னும் எழுத்தைப் பயனர் சேர்த்து அழுத்தினால் எஞ்சியது தானே நிரம்பும்.

இதனாலாகும் காவலை நான்காவது கோப்பு புலப்படுத்தும். அதனை நீக்க விரும்பும் ஒருவர், 'ஆர்.எம்.' என்னும் நீக்கற் கட்டளையை எழுதி, 'பழைய கணக்கு' என்று கையாலேயே எழுதிவிடுகின்றார் எனக் கொள்வோம். ஷெல்லுக்கு இடைவெளி சொற்களைப் பிரிக்கும் குறியாதலின், அஃது இருவேறு பெயர்களாகக் கொள்ளப்படும். 'பழைய' என்றொரு கோப்பு இல்லையென அறிவிப்பு வரும். ஆனால் காக்கவேண்டிய 'கணக்கு' அழிந்துபோகும். இக்கட்டளையால் அழிந்தது குப்பைத் தொட்டி எதனுள்ளும் சென்று தங்குவதில்லை. அவரே 'ப' என்று எழுதி ரப் விசையை அழுத்தியிருப்பின், ஷெல் இடைவெளிக்கு முன் பின்சாய்கோடு ஒன்றை இட்டு, இரு சொல்லும் ஒரு பெயரே என்பதைத் தானே குறித்திருக்கும். அன்றியும், இல்லாத பெயரொன்றைத் தவறாகத் தொடங்கினால் எதுவும் நிரம்பாது. அந்நிலையே எச்சரிக்கையாகும்.

பாஷ் ஷெல்லில் இவற்றை மாற்றியமைக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, பயனரின் இல்லக் கோப்புறையில் வைக்கப்படும் '.இன்புட்-ஆர்சி' என்னும் கோப்பு. ஈண்டுத் தமிழில் எழுதப்படும் இத்தகைய பெயர்கள் கணினியில் ஆங்கில எழுத்திலேயே பொறிக்கப்பட வேண்டியன. 'கொம்ப்ளீஷன்-இக்னோர்-கேஸ்' என்பதை 'ஒன்' ஆக்கினால் ஆங்கிலப் பேரெழுத்து, சிற்றெழுத்து வேறுபாடு பாராட்டப்படாது. 'ஷோ-ஒல்-இஃப்-அம்பிகுவஸ்' என்பதை அவ்வாறு ஆக்கினால், ஐயம் நேர்ந்தவிடத்து முதல் அழுத்தத்திலேயே பட்டியல் தோன்றும். இக்கோப்பைப் புதிதாக ஆக்குவோர், முறைமைக்குப் பொதுவான அமைவுக்கோப்பு அதன்பின் தானாக வாசிக்கப்படாது என்பதையும் அறிதல் வேண்டும். அதுவும் வேண்டுமாயின் 'இன்க்ளூட்' என்னும் வரியால் அதனைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, 'கொம்ப்ளீட்' என்னும் கட்டளை. இஃது 2000ஆம் ஆண்டில் வெளியான பாஷ் 2.04ஆம் பதிப்பிற் புகுந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் எவ்வகைச் சொற்கள் பொருந்தும் என்பதை இதனால் விதிக்கலாம். கோப்புறை மாறும் 'சி.டி.' கட்டளைக்குக் கோப்புகளைக் காட்டுதல் பயனற்றது. கோப்புறைகளை மட்டும் காட்டுமாறு ஒரே வரியில் விதித்து, அதனைப் '.பாஷ்-ஆர்சி' கோப்பில் எழுதிவைக்கலாம். பயனர் தாமே ஆக்கிய கட்டளைக்கும் ஏற்புடைய சொற்களை இங்ஙனமே பட்டியலிட இயலும்.

மேற்கூறியவை யாவும் ஷெல்லின் காட்சியை விரிப்பன அல்லது குறுக்குவன. தேர்வு பயனரிடமே எஞ்சும். 'மெனு-கொம்ப்ளீட்' என்னும் அமைவோ இவற்றின் வேறானது. ரப் விசையை அதனோடு பிணைத்தால், ஷெல் பொதுப்பகுதியில் நில்லாது பட்டியலின் முதற்பெயரையே முழுதாக எழுதும்; மீண்டும் மீண்டும் அழுத்த அடுத்தடுத்த பெயர்கள் மாறி வரும். மாசி மாத அறிக்கையை நீக்கக் கருதி 'அ' என்று எழுதி, விசையை அழுத்தி, திரையை நோக்காது கட்டளையை முடித்தவர் தை மாத அறிக்கையை இழப்பர். ஸீ ஷெல்லில் இச்சுழற்சி, ஐயமுற்றவிடத்து விசையைத் தொடர்ந்து அழுத்தும்பொழுது இயல்பாகவே தொடங்கும். 2019 முதல் மக் கணினிகளில் இயல்பு ஷெல்லாக வருவது ஸீ ஷெல்லாதலின், இதனை அறியாது பயன்படுத்துவோர் பலராதல் கூடும். சுழற்சி வேண்டாதார் 'ஒட்டோ-மெனு' என்னும் விருப்பை நீக்கிவிடலாம். பாஷ் ஷெல்லிற் சுழற்சியை விரும்புவோர், பொதுப்பகுதியை முதலிற் காட்டி நிற்கும் 'மெனு-கொம்ப்ளீட்-டிஸ்ப்ளே-ப்ரிஃபிக்ஸ்' என்னும் அமைவையும் உடன்சேர்த்தல் நன்று.

ஆகவே, சொன்முடிப்பை அமைப்போர் எத்தனை விசையழுத்தம் மிச்சமாகும் என்பதை மட்டும் கணக்கிடுதல் போதாது. ஐயம் தோன்றுமிடத்து எழுதுவோன் நின்று நோக்குகின்றானா என்பதையும் கருதுதல் வேண்டும். தெளிந்ததை விரைந்து முடித்து, தெளியாததைக் காட்டி நிற்கும் அமைவே சாலச் சிறந்தது.