ஆபரேஷன் ஓவர்... தோல் இன்னும் பாக்கி!

செமஸ்டர் லீவ் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பியிருக்கும் ஒருத்தரை மிஸ்டர் எக்ஸ்னு வச்சுக்குவோம். சட்டைக்குள்ளே பட்டையாக ஒரு இறுக்கமான பனியன். வெயில் கொளுத்தினாலும் கழற்றுவதில்லை. கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டால், ‘முதுகு வலி மச்சி’ என்று எஸ்கேப்! மேட்டர் இதுதான்... ஸ்கூல் காலத்திலிருந்து சட்டையைக் கழற்ற விடாமல் படுத்திய மார்புச் சதையை லீவில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார். டாக்டர் பாஷையில் கைனகோமாஸ்டியா. ரூம்மேட்டுக்குக்கூடத் தெரியாது.

(டீன் ஏஜில் வரும் இந்த வீக்கம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே வற்றிவிடும். ஸோ, ப்ளஸ் டூ தம்பிகள் அவசரப்பட வேண்டாம்!)

கொழுப்பை உறிஞ்சி எடுத்ததும் தோலுக்கும் தசைக்கும் நடுவே இடம் காலியாகிறது. அங்கே நீர் கோத்துக்கொள்ளாமல், தோல் மறுபடி தசையோடு ஒட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த பிரஷர் பனியன். பொதுவாக நாலு முதல் ஆறு வாரம், ஆரம்பத்தில் ராத்திரி பகலாக. ரெண்டு செட் வாங்கிடுங்க. ஒன்று கொடியில் காயும்போது இன்னொன்று உடம்பில். வியர்வை ஊறியதையே மாட்டினால் வேர்க்குரு, படை எல்லாம் இலவச இணைப்பு! மடிப்பு விழாமல் போடணும். மடிப்பு அழுத்திய இடத்தில் கொப்புளம் வரலாம்.

முதல் ரெண்டு நாள் போர்வையில் பிங்க் கலரில் கறை படிந்தால் பதறாதீங்க. கொழுப்பை எடுக்கும் முன் உப்பு நீரில் மரப்பு மருந்து கலந்து உள்ளே செலுத்துகிறார்கள். அமெரிக்கத் தோல் டாக்டர் ஜெஃப்ரி க்ளைன் 1980-களில் கொண்டு வந்த முறை. அந்த நீரின் மிச்சம்தான் கசிகிறது.

பலரும் கோட்டை விடும் இடம் அடுத்தது. ஆபரேஷன் நடந்த இடம் சில வாரம், சிலருக்குச் சில மாதம் மரத்தே கிடக்கும். நுண் நரம்புகள் அறுபட்டதால் தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. பாசத்தில் அம்மா வெந்நீர்ப் பையை வைக்க, உணர்ச்சியே இல்லாமல் தூங்கி எழுந்தால் தோல் வெந்திருக்கும்! ஐஸ் பேக்கிலும் இதே ஆபத்து உண்டு. டாக்டரைக் கேட்காமல் ரெண்டையும் தொடாதீங்க.

தையல் பிரித்ததும் ‘ஆறிடுச்சு’ன்னு ஜிம்முக்கு ஓடும் பார்ட்டியா? வெளியே மூடினாலும் உள்ளே வேலை நடக்கிறது. மூணு மாதம் கழித்தும் தழும்புக்குப் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 சதவீதம்தான். அது மங்கி அடங்க ஒரு வருடத்துக்கு மேலேயும் ஆகலாம். நம்ம மாநிறத் தோலில் தழும்பு சட்டென்று கறுக்கும். மார்பு, தோள்பட்டை ஏரியாவில் தடித்து வளரும் கீலாய்டும் அதிகம். காயம் முழுசா மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் தடவலாம். வெயில் பட்டால் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன். ஆறாத புண்ணில் மஞ்சளோ தேங்காய் எண்ணெயோ வேண்டாம். மெடிக்கல் ஷாப் அண்ணன் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு க்ரீம் தோலையே மெலிதாக்கிவிடும், உஷார்! டீக்கடை தம்முக்கும் தடா. நிக்கோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுவதால் புண் ஆற ரத்தம் கிடைக்காது.

இப்போ நம்ம மிஸ்டர் எக்ஸின் ரகசியத்துக்கு வருவோம். காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றமடிக்கும் சீழ், ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கம், காம்பைச் சுற்றிக் கறுத்தல்... எதுவாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்க்கணும். கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், மூச்சுத்திணறல் என்றால் உடனே 108. நடுராத்திரி இப்படி ஆனால், விஷயமே தெரியாத ரூம்மேட் என்ன செய்வான்? ‘கேலி பண்ணுவாங்க’ என்ற பயம் நியாயம்தான். ஊருக்கே சொல்ல வேண்டாம், ஒருத்தனிடம் மட்டும் டாக்டர் நம்பரோடு சொல்லி வைங்க. அந்த பனியனை இழுத்துப் பிடித்து ஜிப் போடவும் ஒரு ஆள் வேணுமே பாஸ்!