ரத்தம் கேட்கும் காதல், ரத்தம் கொடுக்கும் அன்பு

"இந்தப் பேய்ப் புத்தகத்தை இன்னும் வீட்டுக்குள்ளதான் வச்சிருக்கியா?"

லெந்து காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு ஈப்போவில் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது காதில் விழுந்த முதல் வார்த்தை இதுதான். அக்கா கையில் கறுப்பு அட்டை போட்ட தடிப் புத்தகம். அட்டையில் இரண்டு வெளிறிய கைகள், அவற்றின் நடுவே ஒரு சிவப்பு ஆப்பிள். எதிரில் கண் கலங்கி நிற்கிறாள் 17 வயது மகள். பழைய பொருள் சந்தையில் ஐந்து வெள்ளிக்கு வாங்கி வந்திருக்கிறாள். புத்தகத்தின் பெயர் 'டுவைலைட்'.

"சித்தி, நீங்களும் இதைப் படிச்சிருக்கீங்கதானே? அம்மாகிட்ட சொல்லுங்க!"

வசமாக மாட்டிக்கொண்டேன். படித்திருக்கிறேன். கல்லூரி நாட்களில், அதே அக்காவுக்குத் தெரியாமல், தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துப் படித்தேன். "ஒரு வாரம் கொடுங்கள், மறுபடியும் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்கிறேன்" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வாரம் நான் யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

நமக்குப் புதிதல்ல

ரத்தம் குடிக்கும் பேய் நமக்கொன்றும் அந்நியம் இல்லை. வானொலியில் இரவு நேரத்தில் "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் போதும், அழைப்புகள் நிற்காது. பாதிப் பேர் சொல்வது தோட்டத்துக் கதைகள். லயத்துக்குப் பின்னால் இருந்த மரம், விடியற்காலையில் பால் வெட்டப் போனபோது கேட்ட சலங்கைச் சத்தம், பக்கத்துக் கம்பத்தில் பார்த்த பொந்தியானாக். அந்தப் பொந்தியானாக்கை 1957-இல் திரைக்குக் கொண்டுவந்து பெரும் வெற்றி கண்டவரும் இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர் பி.என்.ராவ்தான். மரியா மெனாடோ நடித்த படம் அது. கழுத்துக்குப் பின்னால் ஆணி அடித்தால் பேய் அழகிய பெண்ணாக மாறிவிடும் என்ற நம்பிக்கையை நம் தாத்தா பாட்டிகளும் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

மேல்நாட்டுக் காட்டேரி கதையில் தொடக்கம் முதலே சிலுவை உண்டு. அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய 'டிராகுலா'வில், கோட்டைக்குப் புறப்படும் இளைஞனின் கழுத்தில் ஒரு கிழவி தன் சிலுவையை மாட்டிவிடுகிறாள். அவன் ஆங்கிலிக்கன் சபைக்காரன். இதெல்லாம் உருவ வழிபாடு என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். ஆனாலும் அந்த இருட்டில் அவனுக்குத் துணை அந்தச் சிலுவைதான். ஸ்டோக்கரின் கதையில் கணக்கு எளிது: காட்டேரி கடவுளுக்கு எதிரி, சிலுவையைக் கண்டால் ஓடும்.

1976-இல் ஆன் ரைஸ் 'இன்டர்வியூ வித் த வேம்பையர்' நாவலில் இந்தக் கணக்கை மாற்றினார். ரத்தப் புற்றுநோயில் தன் சின்ன மகளைப் பறிகொடுத்த தாய் அவர். அவருடைய காட்டேரி, கடவுள் இருக்கிறாரா என்று தேடி அலைகிறது. பின்னாளில் ஆன் ரைஸ் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பினார், இயேசுவின் இளமைக் காலத்தை நாவலாக எழுதினார், 2010-இல் கிறிஸ்தவ அமைப்பிலிருந்து விலகுவதாகவும் அறிவித்தார். பேய்க்கதை எழுதியவர் வாழ்நாள் முழுக்கக் கடவுளோடு வழக்காடிக்கொண்டே இருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சைவக் காட்டேரிகள்

அடுத்து வந்தவர் ஸ்டெஃபனி மேயர். மோர்மன் சபையைச் சேர்ந்த இவர், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே எழுதிய நாவல் 2005-இல் வெளியானது. தொடர்ந்து மூன்று பாகங்கள், 2008 முதல் 2012 வரை ஐந்து திரைப்படங்கள். 10 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்றுவிட்டன. மோர்மன் போதனைகள் பலவற்றை மற்ற சபைகள் ஏற்பதில்லை. மேயரும் மதப் பிரசாரமாக இதை எழுதவில்லை. ஆனால் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தால் ஆதியாகமத்தின் வசனம் ஒன்று நிற்கிறது: விலக்கப்பட்ட கனியைப் பற்றியது. அட்டையிலுள்ள ஆப்பிளின் ரகசியம் அதுதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மழை ஓயாத அமெரிக்கச் சிற்றூர் ஒன்றுக்கு வருகிறாள் பெல்லா. உடன் படிக்கும் எட்வர்ட் மேல் காதல் கொள்கிறாள். அவன் காட்டேரி. அவள் ரத்தத்தின் மணம் அவனைப் பித்துப்பிடிக்க வைக்கிறது. ஆனாலும் அவன் அவளைக் கடிப்பதில்லை. அவன் குடும்பமே மனித ரத்தத்தை விட்டுவிட்டு, காட்டு விலங்குகளின் ரத்தத்தில் வாழ்கிறது. தங்களை 'சைவம்' என்று அவர்களே கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். புரட்டாசி வந்தால் கோழிக்கடைப் பக்கம் திரும்பாத நம்மவர்களுக்கு இந்த நகைச்சுவை நன்றாகவே புரியும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் நாயகன் அல்ல, அவனை வளர்த்த டாக்டர் கார்லைல். 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு போதகரின் மகன். பேய் வேட்டைக்குப் போன இடத்தில் கடிபட்டுத் தானே பேயாகிறார். யாரையும் கொல்லக் கூடாது என்று பட்டினி கிடக்கிறார். பிறகு மானின் ரத்தத்தில் உயிர் பிழைக்கிறார். தன்னை அடக்கப் பழகி, நாளெல்லாம் ரத்தம் பார்க்கும் வேலையான மருத்துவத்தையே தேர்ந்தெடுக்கிறார். அப்பா கையால் செதுக்கிய மரச் சிலுவை அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஸ்டோக்கரின் காட்டேரி சிலுவையைப் பார்த்து ஓடியது. மேயரின் காட்டேரி அதை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறது.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது இச்சையடக்கம். பசி வருவது பாவமில்லை, பசி வந்தபிறகு நாம் எடுக்கும் முடிவில்தான் எல்லாம் இருக்கிறது. லெந்து நாட்களில் உபவாசம் இருப்பவர்களுக்கும், காவடிக்கு விரதம் இருப்பவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. "மனசு கேட்கல, அதனால செஞ்சுட்டேன்" என்பதை நியாயமாகச் சொல்லும் காலத்தில், நூறு பக்கம் தாண்டியும் கை வைக்காத ஒரு நாயகனைப் பதின்ம வயதுப் பிள்ளைகள் கொண்டாடியது நல்ல விஷயம்தான்.

இரண்டாவது கிருபை. எட்வர்ட் தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறான்: எனக்கு ஆத்துமா இல்லை, நான் தொலைந்தவன். கார்லைல் அப்படி நினைப்பதில்லை. முயற்சி செய்பவனை இறைவன் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கிறது. "நான் செஞ்ச தப்புக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது" என்று தன்னைத் தானே தீர்த்துக்கட்டிக்கொண்ட பிள்ளைகளை நம் வாலிபர் கூட்டங்களில் பார்க்கிறோம். அவர்களுக்குத் தேவை ஒரு கார்லைல்.

இந்த இடம் வரை படித்தபோது, தீர்ப்பு அக்கா மகள் பக்கம்தான் என்று நினைத்தேன்.

பாட்டி சொன்ன அட்டைக் கதை

அப்போதுதான் பாட்டி நினைவுக்கு வந்தார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். இன்று அந்தத் தோட்டத்தில் ஒரு ரப்பர் மரம்கூட இல்லை, எல்லாம் செம்பனை. மழைக்காலத்தில் மரத்தடியில் அட்டை மொய்க்கும் என்பார். "அட்டை கடிச்சா வலிக்காது ஆயி. அது வயிறு ரொம்பி விழுந்த பிறகுதான் தெரியும். அப்புறம் ரத்தம் நிக்கவே நிக்காது."

பாட்டி சொன்னது அறிவியல்படியும் உண்மை. அட்டையின் உமிழ்நீரில் கடித்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் பொருளும், ரத்தத்தை உறையவிடாத பொருளும் இருக்கின்றன.

இதை மனதில் வைத்துக்கொண்டு எட்வர்டை மறுபடியும் பாருங்கள். பெல்லாவுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாம் பாகத்தில், அவள் வேறொரு நண்பனைப் பார்க்கப் போகாதபடி அவள் வண்டியின் இயந்திரத்தில் ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். தங்கையைக் காவலுக்கு வைக்கிறான். எல்லாம் 'உன் பாதுகாப்புக்குத்தான்'. இருபது வயதில் படித்தபோது இது எனக்கு எவ்வளவு இனித்தது! முப்பதைத் தாண்டிப் படிக்கும்போது முதுகு சில்லிடுகிறது. அன்று எனக்கு வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

கைப்பேசியின் கடவுச்சொல்லைக் கேட்பவன், "எங்கே இருக்கே, படம் எடுத்து அனுப்பு" என்பவன், வேலையிடத்துக்கு வெளியே சொல்லாமல் வந்து நிற்பவன் எல்லாம் கதையில் மட்டும் இல்லை. நம் நாட்டில் ஒருவரைத் தொடர்ந்து பின்தொடர்ந்து அச்சுறுத்துவது 2023 மே மாத இறுதியிலிருந்து தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாம் பாகம் இன்னும் சிக்கலானது. எட்வர்ட் விலகிப் போகிறான். பெல்லாவுக்கு மாதங்கள் வெறும் வெள்ளைத் தாளாகக் கழிகின்றன. ஆபத்தில் குதித்தால் அவன் குரல் கேட்பதுபோல் தோன்றுகிறது என்பதற்காகவே பாறை உச்சியிலிருந்து கடலில் குதிக்கிறாள். 2009-இல் அந்தப் படம் வந்தபோது வாடிகன் தரப்பிலிருந்தும் கண்டனம் எழுந்தது. அவர்கள் கவலை வேறு, என் கவலை வேறு. காதல் போனால் வாழ்க்கை போயிற்று என்பதை அழகாகச் சொல்லும் எந்தக் கதையும், உடைந்த மனத்தோடு தனியாக உட்கார்ந்து படிக்கும் ஒரு பிள்ளையின் கையில் ஆபத்தானது. அப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் புத்தகத்தைப் பிடுங்குவதைவிடப் பக்கத்தில் உட்காருவதுதான் முக்கியம். 'தாலியான் காசே' 15999 என்ற எண்ணும், ஈப்போவிலேயே பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் இருக்கின்றன.

யார் ரத்தம், யாருக்காக?

மோசேயின் சட்டம் ரத்தத்தை உண்ணக் கூடாது என்கிறது, ஏனென்றால் உயிர் ரத்தத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வளர்ந்த சீடர்களிடம்தான் இயேசு ஒரு பாத்திரத்தை நீட்டி, இது உங்களுக்காகச் சிந்தப்படும் என் ரத்தம் என்றார். பெரிய வெள்ளிக்குப் பேராக்கில் பொது விடுமுறை இல்லை. ஆண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குப் போகிறோமே, எதற்காக? அந்த ஒன்றை நினைப்பதற்காகத்தான்.

காட்டேரி பிறர் ரத்தத்தைக் குடித்துத் தான் வாழ்கிறது. கிறிஸ்து தன் ரத்தத்தைக் கொடுத்துப் பிறரை வாழவைக்கிறார். இரண்டு கதைகளும் ஒன்றுக்கொன்று தலைகீழ். பெல்லாவின் காதல் அவளிடம் படிப்பையும், பெற்றோரையும், கடைசியில் உயிரையுமே கேட்கிறது. மனதாரக் கொடுத்தாள் என்று நாம் கைதட்டுகிறோம். ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கும் அன்பு எப்படிப்பட்ட அன்பு?

இந்த இடத்தில் சபையாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் "உன் சிலுவையை நீ சுமக்கணும்மா" என்று ஆறுதல் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சிலுவை இல்லை, அட்டைக்கடி. சிலுவையில் கொடுத்தவர் பலம் உள்ளவர், பெற்றுக்கொண்டவர்கள் பலவீனர்கள். அதைத் திருப்பிப்போட்டு, பலவீனமானவரிடம் ரத்தம் கேட்பதற்கு வேதத்தில் இடமில்லை.

தீர்ப்பு

அடுத்த ஞாயிறு புத்தகத்தை அக்கா மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஒரு கேள்விக்குப் பதில் யோசிக்க வேண்டும். இதில் யார் எடுக்கிறார், யார் கொடுக்கிறார்? அக்காவுக்கும் ஒரு நிபந்தனை: அவரும் படிக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டே முதல் பாகத்தை மூன்று நாளில் முடித்துவிட்டார். "அந்த டாக்டர் நல்ல மனுஷன்டி" என்றார். "பையனைத்தான் எனக்குப் புடிக்கல. ராத்திரில வீட்டுக்குள்ள வர்றான், கேட்க ஆள் இல்லையா?" தாயும் மகளும் அன்று இரவு நெடுநேரம் பேசியிருக்கிறார்கள், மகளின் வகுப்புத் தோழி ஒருத்தியின் 'பாய்ஃப்ரெண்ட்' பற்றியும். அந்தப் பேச்சு வேறெப்படியும் அந்த வீட்டில் நடந்திருக்காது.

ஈஸ்டர் முடிந்து சில வாரங்களில் ஈப்போவில் ஒரு பேரங்காடியில் ரத்த தான முகாம். 17 வயதுக்காரர்கள் பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்துடன் ரத்தம் கொடுக்கலாம். அக்கா மகள் படிவத்தை நீட்டினாள், அக்கா கையெழுத்துப் போட்டார். மாலையில் எனக்குத் தொலைபேசி வந்தது.

"சித்தி, விரல்ல குத்திப் பார்த்தாங்க. எனக்கு ரத்தம் பத்தாதாம். இரும்புச் சத்து குறைவு, மூணு மாசம் கழிச்சு வான்னு அனுப்பிட்டாங்க."

"அப்புறம்?"

"அம்மா இப்போ தினம் முருங்கைக்கீரை ஆக்குறாங்க. அதுக்கு அந்தப் பேயே தேவலாம், சித்தி!"